நாளைய சுமையை இன்றே பாருங்கள்!

தீபாவளிக்கு முதல் நாள் இரவு. மணி 2.

ஊர் தூங்கிவிட்டது. ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. தையல் மிஷின் ஓடிக் கொண்டிருக்கிறது.

மிஷினின் முன்னால் ஒரு பெண். கண் எரிகிறது. இடுப்பு வலிக்கிறது. இன்னும் 4 ரவிக்கைகள் பாக்கி. விடிந்தால் துணி கொடுத்தவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள்.

மூலையில் ஒரு துணி மடித்தபடியே இருக்கிறது. அது அவளுடைய மகளுக்கு எடுத்த பாவாடைத் துணி. அதில் இன்னும் கத்தரியே படவில்லை! ஊருக்கெல்லாம் புதுத் துணி தைத்தவளின் மகளுக்குப் புதுப் பாவாடை இல்லை!

இது எங்கோ ஒரு வீட்டில் மட்டும் நடப்பது அல்ல. பண்டிகை வந்தால் பல தையல்காரர்கள் வீட்டில் இதே கதைதான்.

அந்தப் பெண் சோம்பேறியா? இல்லை. மறதிக்காரியா? அதுவும் இல்லை. வந்த வேலை ஒவ்வொன்றையும் செல்போனில் குறித்துத்தான் வைத்திருந்தாள். இதற்கென்றே செயலிகள் இருக்கின்றன. செய்ய வேண்டிய வேலைகளை அதில் எழுதி வைக்கலாம். முடிந்ததும் ஒரு தட்டுத் தட்டினால் கோடு விழும்.

பட்டியல் இருந்தது. பிறகு ஏன் இந்தத் திண்டாட்டம்?

விலை இல்லாத சீட்டு

பட்டியல் வேலையின் பெயரைச் சொல்லும். வேலையின் கனத்தைச் சொல்லாது.

"ஹூக் வைக்க வேண்டும்" என்பது ஒரு வரி. "சுடிதார் தைக்க வேண்டும்" என்பதும் ஒரு வரி. முதல் வேலை 10 நிமிடம். இரண்டாவது வேலை 3 மணி நேரம். பட்டியலில் இரண்டும் ஒரே அளவு!

மளிகைச் சாமான் சீட்டில் பெயர் மட்டும் இருக்கிறது. விலை இல்லை என்று வைத்துக் கொள்ளுங்கள். பையில் உள்ள பணம் போதுமா, போதாதா? எப்படித் தெரியும்? கடைக்காரர் கணக்குப் போட்ட பிறகுதான் தெரியும். அப்போது பாதிச் சாமானைத் திருப்பி வைக்க வேண்டி வரும்.

நேரமும் பணம் போன்றதுதான். விலை தெரியாமல் சாமான் வாங்கக் கூடாது. மணி தெரியாமல் வேலை வாங்கக் கூடாது.

இரண்டு காலண்டர்கள்

நம் வீடுகளில் இரண்டு வகைக் காலண்டர்கள் தொங்குகின்றன.

ஒன்று, நாள்தோறும் கிழிக்கும் காலண்டர். அது இன்றைய தேதியை மட்டும் பெரிதாகக் காட்டும். நாளை என்ன என்பது இன்றைய தாளின் பின்னால் ஒளிந்திருக்கும்.

மற்றொன்று, மாதக் காலண்டர். அதில் 30 நாட்களும் கட்டம் கட்டமாகத் தெரியும். பால் கணக்கை அதில்தான் எழுதுகிறார்கள். காஸ் சிலிண்டர் வந்த தேதியை அதில்தான் குறிக்கிறார்கள். பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய நாளை அதில்தான் சுழிக்கிறார்கள். ஒரு பார்வையில் மாதம் முழுவதும் கண்ணில் படுகிறது.

பலர் வேலைச் செயலியைக் கிழிக்கும் காலண்டர் போலவே பார்க்கிறார்கள். "இன்று" என்ற பக்கத்தை மட்டும் திறக்கிறார்கள். இன்று 3 வேலைதானே என்று நிம்மதி அடைகிறார்கள். வியாழக்கிழமைக்கு 11 வேலைகள் காத்திருப்பது, வியாழக்கிழமை காலையில்தான் தெரிகிறது!

வரும் நாட்களை வரிசையாகக் காட்டும் பக்கமும் பல செயலிகளில் உண்டு. டூடூயிஸ்ட் என்ற செயலியில் அப்படி ஒரு பக்கம் இருக்கிறது. கூகிள் காலண்டரில் ஒரு வேலைக்கு இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று குறித்தால், அந்த அளவுக்கு ஒரு கட்டம் தெரியும். நீண்ட வேலைக்கு நீண்ட கட்டம். குறுகிய வேலைக்குக் குறுகிய கட்டம். நாள் நிரம்பிவிட்டதா என்பதைக் கண்ணே சொல்லிவிடும்.

கட்டம் போட்டால் தெரியும்

தையல்காரப் பெண்ணின் கணக்கையே பார்க்கலாம்.

தீபாவளிக்கு 12 நாட்கள் இருக்கின்றன. வீட்டு வேலை போக, ஒரு நாளைக்கு 5 மணி நேரம் தைக்க முடியும். மொத்தம் 60 மணி நேரம்.

வந்த வேலை என்ன? 27 ரவிக்கைகள். ஒன்றுக்கு 2 மணி என்றால் 54 மணி. 6 சுடிதார்கள். ஒன்றுக்கு 3 மணி என்றால் 18 மணி. கூட்டினால் 72 மணி!

கையில் இருப்பது 60. வாங்கிக் கொண்டது 72. அந்த 12 மணி நேரம் எங்கிருந்து வரும்? தூக்கத்திலிருந்து வரும். சாப்பாட்டிலிருந்து வரும். மகளின் பாவாடையிலிருந்து வரும்.

ஒரு தாளில் 12 வரிசை போட்டு, வரிசைக்கு 5 கட்டம் வரைந்திருந்தால் போதும். துணி வரும்போதே கட்டத்தை நிரப்பியிருக்கலாம். கட்டம் தீர்ந்ததும், "அம்மா, தீபாவளிக்குப் பிறகு தருகிறேன்" என்று வாய் தானாகச் சொல்லியிருக்கும். அல்லது, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஹூக் வைக்கும் வேலையைக் கூலிக்குக் கொடுத்திருக்கலாம். 12 நாள் முன்னால் தெரிந்தால் வழி உண்டு. முதல் நாள் இரவு தெரிந்தால் வழி இல்லை.

படித்தவர்களும் தப்பவில்லை

இது படிக்காதவர்கள் செய்யும் தவறு என்று யாரும் எண்ண வேண்டாம்.

கனடா நாட்டில் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 1994-ல் வெளிவந்தது. "உங்கள் ஆய்வுக் கட்டுரையை எத்தனை நாளில் முடிப்பீர்கள்?" என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். "எல்லாமே தடைப்பட்டால்?" என்று கேட்டார்கள். 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது சராசரியாக 55 நாள்!

மனிதனுக்கு இது பிறவிக் குணம். வரும் வேலையைச் சிறிதாகவே எண்ணுகிறான். டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு அறிஞர்கள் 1979-லேயே இதை எடுத்துக் காட்டினார்கள். மனம் ஏமாற்றுகிறது. ஆகவே கண்ணால் பார்க்க வேண்டும்.

தொழிற்சாலைகள் இதை முன்பே கற்றுக் கொண்டன. போலந்து நாட்டு என்ஜினீயர் கரோல் ஆடமியெக்கி 1896-ல் வேலைகளைப் படமாக வரைந்து காட்டினார். அமெரிக்க என்ஜினீயர் ஹென்றி கான்ட் 1910-களில் வேலைகளைப் பட்டைப் பட்டையாக வரைந்தார். எந்த வேலை எந்த நாளில் தொடங்கும், எந்த நாளில் முடியும் என்பது அதில் தெரியும். இன்றும் கட்டட வேலைகளில் அவர் பெயரால் அந்தப் படம் வழங்குகிறது.

பெரிய கட்டடத்துக்கு உதவும் படம், சின்னக் குடும்பத்துக்கு உதவாதா?

பார்த்தால் பயமாக இருக்காதா?

"எல்லா வேலையையும் ஒன்றாகப் பார்த்தால் மலைப்பாக இருக்குமே!" என்று சிலர் சொல்வார்கள்.

இருக்கும். ஆனால் கடன்காரன் வருவதற்கு முன்பு கடனை எண்ணிப் பார்ப்பது நல்லதா? வந்த பிறகு எண்ணுவது நல்லதா? 10 நாள் முன்னால் வரும் பயம் எச்சரிக்கை. கடைசி நாளில் வரும் பயம் தண்டனை.

"திடீரென்று காய்ச்சல் வரும், கரண்டு போகும், விருந்தாளி வருவார். கட்டம் போட்டு என்ன பயன்?" என்றும் கேட்பார்கள். அதற்குத்தான் தினம் ஒரு கட்டத்தைக் காலியாக விட வேண்டும். காலியாக விட்ட கட்டம் வீண் அல்ல. அது ஆபத்துக்கு வைத்த பணம்.

இன்னொன்றும் முக்கியம். வெளி வேலையை மட்டும் குறித்தால் போதாது. வீட்டு வேலையையும் குறிக்க வேண்டும். மகளின் பாவாடை ஏன் நின்றது? அது பட்டியலிலேயே இல்லை! காசு வரும் வேலைக்கெல்லாம் கட்டம் கிடைத்தது. பாசத்துக்குக் கட்டம் கிடைக்கவில்லை.

செயலி செய்பவர்களுக்கு

செயலி செய்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. சிவப்பு வட்டத்தில் "33" என்று எண் போட்டுப் பயமுறுத்தினால் போதாது. "இத்தனை மணி வேலை இருக்கிறது, உங்களிடம் இத்தனை மணிதான் இருக்கிறது" என்று காட்ட வேண்டும். அதையும் எளிய தமிழில் காட்ட வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் படம் புரியும். நிரம்பிய கட்டம் எந்த மொழியிலும் நிரம்பிய கட்டம்தான்!

செல்போன் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். மாதக் காலண்டரும் ஒரு பென்சிலும் போதும். ஞாயிற்றுக்கிழமை மாலை, 10 நிமிடம் குடும்பத்தோடு உட்கார வேண்டும். அடுத்த வாரத்துக் கட்டங்களை நிரப்ப வேண்டும். யாருக்குச் சுமை அதிகம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் கட்டங்கள்தான் நிரம்பி வழிகின்றன என்றால், மகன் தண்ணீர் பிடிக்கலாம். அப்பா ரேஷன் கடைக்குப் போகலாம்.

சுமை தெரிந்தால்தான் தோள் கொடுக்க ஆள் வரும்.

முடியும் என்று சொல்வது பெருமைதான். முடியாததை முன்கூட்டியே முடியாது என்று சொல்வது நாணயம். அந்த நாணயம் இருந்தால் அடுத்த தீபாவளி இரவில் அந்த வீட்டு விளக்கு 10 மணிக்கே அணையும். காலையில், மகள் புதுப் பாவாடையோடு வாசலுக்கு வருவாள்!