பால் கக்கும் குழந்தைக்குப் பால்மா மருந்தல்ல

சொந்த ஊரில் கைக்குழந்தை பால் கக்கினால் ஒரு துணியால் துடைத்துவிட்டு அவரவர் தத்தம் வேலையைப் பார்ப்பார்கள். முகாமிலோ உறவினர் வீட்டு விறாந்தையிலோ தங்கியிருக்கும்போது அதே கக்குதல் பெரிய விவகாரமாகிவிடுகிறது. பக்கத்துப் பாயில் இருப்பவர் பார்க்கிறார். "உன் பால் சரியில்லை", "பால்மா கொடுத்துப் பார்" என்று ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்கிறார்கள். சில நாட்களில் சூப்பிப் போத்தல் வந்து சேர்ந்துவிடுகிறது. கக்குதலை விட இந்தப் போத்தலே ஆபத்தானது என்பது எமது கருத்து.

குழந்தை ஏன் கக்குகிறது? உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் வாசல் காக்கிறது. பச்சைக் குழந்தையில் அது இன்னும் உறுதிப்படவில்லை. குழந்தை குடிப்பது முழுவதும் திரவம். இருப்பதோ பெரும்பாலும் படுத்தபடி. ஆகவே பால் மேலே திரும்பி வருகிறது. பிறந்த சில வாரங்களில் தொடங்கும் இது நான்காம் மாதமளவில் கூடுதலாக இருக்கும். குழந்தை உட்காரப் பழகும்போது குறையத் தொடங்கி, பெரும்பாலான பிள்ளைகளில் ஒரு வயதுக்குள் நின்றுவிடும். நிறை கூடி, வழமைபோல் சிறுநீர் கழித்து, சிரித்து விளையாடும் குழந்தை கக்குவது நோயல்ல. துவைக்க வேண்டிய துணிதான் கூடுகிறது. தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் தாய்க்கு அதுவும் சிறிய சுமையல்ல என்பதை நாம் மறக்கவில்லை.

தாயின் பாலில் குற்றம் இல்லை. தாய்ப்பால் மாப்பாலை விட விரைவாக இரைப்பையை விட்டுச் செல்கிறது. ஆகவே பாலை மாற்றினால் கக்குதல் நின்றுவிடும் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. "குடித்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது" என்ற பயமும் பெரும்பாலும் வீண் பயமே. ஒரு கரண்டித் தண்ணீரைத் துணியில் ஊற்றிப் பாருங்கள், அது எவ்வளவு பெரிதாகப் பரவுகிறது என்பது தெரியும்.

போத்தலின் கதை வேறு. அதற்குச் சுத்தமான தண்ணீர், விறகு, ஒவ்வொரு தடவையும் கொதிக்க வைத்த பாத்திரம், கையில் பணம் ஆகிய நான்கும் வேண்டும். நிலத்தை விட்டு வந்த கமக்காரக் குடும்பத்திடம் இவற்றில் எது நிச்சயமாக இருக்கிறது? பால்மா தீரும் தறுவாயில் தண்ணீரைக் கூட்டிக் கரைக்கிறார்கள். குழந்தை வயிறு நிறைந்தும் மெலிகிறது. இதற்கிடையில் குழந்தை உறிஞ்சாத மார்பில் பால் வற்றிவிடுகிறது.

எமது மாவட்டத்துக்கு உரிய இன்னோர் ஆபத்தும் உண்டு. கற்பிட்டி மணற்பகுதியில் மரக்கறித் தோட்டங்களுக்கு இடும் பசளை நிலத்தடி நீரில் இறங்குகிறது. அங்குள்ள பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த நீரில் கரைத்த பால், ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்து, உடலை நீலம் பாரிக்கச் செய்யக்கூடும். கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும். நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்ற அது செறிவாகும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்தக் கிணற்று நீரே தேவைப்படுவதில்லை.

கக்கும் குழந்தையைப் பராமரிக்கச் செலவில்லாத வழிகள் உண்டு.

பாலூட்டும்போது குழந்தையின் தலை வயிற்றை விடச் சற்று உயர்ந்திருக்கட்டும். முலைக்காம்பு மட்டுமன்றி அதைச் சுற்றியுள்ள கரிய பகுதியும் குழந்தையின் வாய்க்குள் செல்ல வேண்டும். இல்லாவிட்டால் காற்றையும் சேர்த்து விழுங்கும். அழுது களைக்கும்வரை காத்திராமல், பசி தெரிந்ததும் ஊட்டுங்கள். இடையிலும் முடிவிலும் தோளில் சாய்த்து ஏவறை விடச் செய்யுங்கள். குடித்தபின் 20 அல்லது 30 நிமிடம் நிமிர்த்தி வைத்திருங்கள். உடனே குலுக்கி விளையாட்டுக் காட்ட வேண்டாம். வயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டாம். தூங்கும்போது மல்லாக்காகச் சமதரையில் கிடத்துங்கள். கக்குகிறதே என்று குப்புறப் போடுவதும் தலையணை வைப்பதும் மூச்சுக்கு ஆபத்து. கிறைப் வோட்டர், சீனித்தண்ணீர், ஓமத்தண்ணீர் எதுவும் தேவையில்லை. ஒரு வயதுக்கு முன் தேன் கொடுக்கவே கூடாது.

சில அடையாளங்களைக் கண்டால் மட்டும் ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம்: பச்சை நிற வாந்தி, வாந்தியில் இரத்தம், ஒவ்வொரு ஊட்டலுக்குப் பின்னும் பீறிட்டுப் பாயும் வாந்தி, காய்ச்சல், வயிறு வீங்குதல், சிறுநீர் குறைதல், பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடத்தல், மூச்சுத் திணறல். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். சுவசெரிய இலவச அம்புலன்ஸை 1990 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். நிறை ஏறவில்லை என்றால் மருத்துவமாதுவிடம் காட்டுங்கள். இடம்பெயரும்போது பிள்ளையின் நிறை குறிக்கும் புத்தகத்தையும் அடையாள அட்டையோடு சேர்த்து எடுத்து வாருங்கள். பயப்பட வேண்டுமா இல்லையா என்பதை அயலவரை விட அந்தப் புத்தகம் சரியாகச் சொல்லும்.

உதவி செய்வோரிடமும் ஒரு வார்த்தை. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் முதல் 2025 நவம்பரில் டித்வா புயலின் வெள்ளத்தில் வீடிழந்தோர் வரை, பல இடப்பெயர்வுகளை இம்மாவட்டம் கண்டிருக்கிறது. இத்தகைய வேளைகளில் நல்ல மனதோடு அனுப்பப்படும் பொதிகளில் பால்மாவும் இருப்பதுண்டு. அதன் விளைவை இந்தோனேசியா கண்டது. 2006இல் யோக்யகர்த்தா பூமியதிர்ச்சிக்குப் பின், நன்கொடையாகப் பால்மா கிடைத்த குழந்தைகளிடையே வயிற்றோட்டம், கிடைக்காத குழந்தைகளை விட ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. இலங்கை 1983இலேயே தாய்ப்பாலைப் பாதுகாக்கும் விதிக்கோவையை ஏற்ற நாடு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளில் 82 சதவீதம் தாய்ப்பால் மட்டுமே குடித்தன. பல செல்வந்த நாடுகளிடம் இல்லாத இச்செல்வத்தை ஒரு வெள்ளத்தில் நாம் இழக்கலாமா? தாயை இழந்த குழந்தைக்கும், உண்மையாகவே பாலூட்ட முடியாத தாய்க்கும் மாப்பால் தேவைதான். அதைச் சுகாதார ஊழியர் ஆலோசனையோடு, போத்தலில் அல்லாமல் கோப்பையில் கொடுக்கட்டும். ஏனையோருக்கு அனுப்ப வேண்டியது, தாய்க்கு மேலதிகமாக ஒரு நேரச் சாப்பாடும் குடிநீரும் பாலூட்ட ஒரு மறைப்பும்.

குடும்பத் தலைவர்களே, மாமிமாரே, இது தாய் தனியே சுமக்கும் காரியமல்ல. இரவில் பாலூட்டியபின் குழந்தையை அரைமணி நேரம் நிமிர்த்தி வைத்திருக்கத் தகப்பனின் தோளும் போதும். கக்கிய துணியை மற்றவர் துவைக்கலாம். "உன் பால் சரியில்லை" என்று சொல்ல வரும் நாக்கை அடக்கலாம். வயலையும் வீட்டையும் விட்டு வந்த குடும்பத்தில், எவர் தயவையும் எதிர்பாராமல் பிள்ளைக்குக் கிடைக்கும் உணவு இது ஒன்றுதான். அதையும் விட்டுவிடாதிருப்போம்.