மிகாசா: தோற்றவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட நினைவு

யப்பானின் யொகோசுகா துறைமுக நகரில் ஒரு பழைய போர்க்கப்பல் கரையோரமாக நிற்கிறது. அது மிதக்கவில்லை. அதன் அடிப்பகுதி கொங்கிறீற்றுக்குள் புதைக்கப்பட்டிருக்கிறது. மிகாசா என்பது அதன் பெயர். அதே நகரில்தான் அமெரிக்காவின் ஏழாவது கடற்படைப் பிரிவு நிலைகொண்டிருக்கிறது. அதாவது யப்பானியர்கள் தமது கடல் வெற்றியின் ஆகப்பெரிய சின்னத்தை, தம்மைத் தோற்கடித்த நாட்டின் படைத்தளத்துக்கு அருகே வைத்துக்கொண்டாடுகிறார்கள். இது எப்படிச் சாத்தியமானது?

மிகாசா பிரித்தானியாவின் பாரோ நகரில் கட்டப்பட்டது. 1902இல் யப்பானியக் கடற்படையில் இணைந்தது. 1905ஆம் ஆண்டு மே 27, 28ஆம் திகதிகளில் சுஷிமா நீரிணையில் ரஷ்யக் கடற்படையை யப்பான் தோற்கடித்தபோது, அட்மிரல் டோகோ இந்தக் கப்பலில் நின்றுதான் கட்டளையிட்டார். ரஷ்யத் தரப்பில் 4,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓர் ஆசிய நாடு ஓர் ஐரோப்பியப் பேரரசைக் கடலில் வென்ற செய்தி, குடியேற்ற ஆட்சியின் கீழிருந்த ஆசிய மக்களுக்கு உற்சாகமூட்டியது.

ஆனால் மிகாசாவில் ஆகக்கூடிய உயிரிழப்பு அந்தச் சண்டையில் ஏற்படவில்லை. அவ்வாண்டு செப்ரெம்பர் 5ஆம் திகதி சமாதான உடன்படிக்கை கைச்சாத்தானது. ஒரு வாரம் முடிவதற்குள் சசேபோ துறைமுகத்தில் தரித்துநின்ற கப்பலின் வெடிமருந்து அறை வெடித்தது. கப்பல் மூழ்கியது. 250க்கும் மேற்பட்ட கடற்படையினர் இறந்தார்கள். சுஷிமாவில் யப்பான் இழந்த மொத்தப் பேரை விட இது இரு மடங்குக்கும் அதிகம். வெற்றிக் கதைகளில் இப்படிப்பட்ட மரணங்களுக்குக் கிடைப்பது ஓரத்தில் ஓர் இடந்தான்.

கப்பல் மீட்கப்பட்டுத் திருத்தப்பட்டது. 1922ஆம் ஆண்டின் வொஷிங்டன் கடற்படை உடன்படிக்கையின் பின் அது சேவையிலிருந்து நீக்கப்பட்டது. மறுபடியும் கடலுக்குப் போகாதபடி நிலத்தில் பதித்து, 1926இல் நினைவுச் சின்னமாகத் திறந்தார்கள்.

1945இல் யப்பான் தோற்றது. சுஷிமாவை மறக்காத சோவியத் தரப்பு மிகாசாவை உடைக்க வேண்டும் என்று கேட்டது. கப்பல் உடைக்கப்படவில்லை. ஆனால் அதன் பீரங்கிகளும் மேற்கட்டுமானங்களும் அகற்றப்பட்டன. எஞ்சிய உடலின் மீது மீன் காட்சியகமும் நடன அரங்கும் இயங்கின. தோற்றவர்களின் நினைவுச் சின்னம் கேளிக்கை இடமாகியது.

திருப்பம் 1950களில் வந்தது. பாரோவிலிருந்து வந்த ஜோன் ரூபின் என்ற வணிகர் கப்பலின் நிலையைக் கண்டு 1955இல் ஜப்பான் ரைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதிலிருந்து ஒரு மீட்பு இயக்கம் தொடங்கியது. யப்பானியர்கள் நிதி சேர்த்தார்கள். அந்த இயக்கத்துக்கு ஆதரவு தந்தவர்களில் ஒருவர் அமெரிக்க அட்மிரல் செஸ்ரர் நிமிட்ஸ். பசுபிக் போரில் யப்பானியக் கடற்படையை அழித்த தளபதி அவர். 1945இல் மிசூரி போர்க்கப்பலில் யப்பானின் சரணடைவு ஆவணத்தில் அமெரிக்காவின் சார்பில் கையொப்பமிட்டவரும் அவரே. இளமையில் டோகோவைச் சந்தித்தவர் என்பதால் அவர் மீது மதிப்பும் வைத்திருந்தார். 1961 மே 27ஆம் திகதி, சுஷிமா சண்டையின் ஆண்டு நாளில், மிகாசா மீளத் திறக்கப்பட்டது. இன்று அதிலிருக்கும் பெரிய பீரங்கிகள் மாதிரிகள்தான்.

நிமிட்ஸின் பெருந்தன்மையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அரசியலை விளங்கிக்கொள்ள அது மட்டும் போதாது. 1945இல் அமெரிக்காவுக்கு யப்பான் ஓர் எதிரி. 1950களின் பிற்பகுதியில் யப்பான், சோவியத் யூனியனுக்கும் சீனாவுக்கும் எதிராகத் தேவைப்படும் ஒரு கூட்டாளி. வென்றவருக்குத் தோற்றவர் தேவைப்படும்போதுதான் தோற்றவரின் நினைவுகள் சகிக்கப்படுகின்றன. நினைவுகூரும் உரிமைக்குப் பின்னால் எப்போதும் ஒரு பலச் சமநிலை இருக்கிறது.

இதே கப்பலைக் கொரியர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொரு படம் தெரியும். ரஷ்யாவும் யப்பானும் மோதியது கொரியாவுக்காகவும் மஞ்சூரியாவுக்காகவுந்தான். தரைச் சண்டைகள் அந்த மக்களின் மண்ணில் நடந்தன. சுஷிமாவுக்குப் பின் ஆறு மாதம் கழியுமுன் கொரியா யப்பானின் பாதுகாப்பு நாடாக்கப்பட்டது. 1910இல் முழுமையாக இணைக்கப்பட்டது. ஆசியாவின் விடுதலைக்கு நம்பிக்கை ஊட்டிய அதே வெற்றி, இன்னோர் ஆசிய இனத்தின் அடிமைத்தனத்துக்கு வாசலாகியது. மிகாசா கம்பீரமாகச் சொல்லும் கதை டோகோவின் கதை. கொரியர்கள் தமது கதையை வேறிடத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டு பக்கங்களும் எங்களுக்குப் புதியவை அல்ல. புதுக்குடியிருப்பில் படையினரின் வெற்றிச் சின்னம் நிற்கிறது. கைப்பற்றப்பட்ட கடற்புலிகளின் படகுகள் காட்சிப் பொருட்களாக்கப்பட்டன. தெற்கிலிருந்து சனங்கள் அவற்றைப் பார்க்க வந்தார்கள். மறுபக்கத்தில் 2011இல் கோப்பாய் துயிலும் இல்லம் இருந்த நிலத்தில் படைத் தலைமையகம் திறக்கப்பட்டது. அங்கே தமது பிள்ளைகளைப் புதைத்த பெற்றோருக்கு விளக்கேற்ற ஓர் அடி நிலம் இல்லாமற் போனது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். தமிழகத்திலிருந்தும் புலம்பெயர்ந்த தமிழர்களிடமிருந்தும் கண்டனங்கள் எழுந்தன. மூன்றாம் நாள் அதே இடத்தில் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த மூன்று நாட்களில் அரசின் மனம் மாறியிருக்காது. இடித்ததற்கான விலைதான் கூடியது. யப்பானியருக்குப் பனிப்போர் கொடுத்த பலத்தை, நாங்கள் திரண்டு நின்றுதான் உருவாக்க வேண்டும்.

ஆனால் உரிமை கிடைத்த பின் எதை நினைவுகூரப் போகிறோம் என்ற கேள்வி மிஞ்சும். படகுகளையும் பீரங்கிகளையும் மட்டும் நினைவுகூர்ந்தால் நாங்களும் ஒரு மிகாசாவைத்தான் கட்டுவோம். கஞ்சிக்கு வரிசையில் நின்று இறந்தவர்களின் பெயர்கள் அதில் இருக்க வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயர்கள் இருக்க வேண்டும். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் வந்து நின்று, தமக்கு நடந்ததும் இங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். எங்களுக்கு மறுக்கப்பட்டதை நாங்கள் இன்னொருவருக்கு மறுக்க முடியாது.