செப்பாங்கில் வளர்ந்த பிள்ளை

மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தாய்மார்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். நள்ளிரவில் கப்சாய் மோட்டாரை முறுக்கிக்கொண்டு நெடுஞ்சாலையில் உயிரோடு விளையாடும் ரெம்பிட் பையன்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவர்களைப் பற்றி எழுத வேண்டியதைப் போலீஸார் எழுதிக்கொள்வார்கள். சிறிய குழுவொன்றில் வளர்ந்து, பெரிய கம்பெனியின் சொந்தக் குழுவுக்குப் போன ஒரு பிள்ளையின் கதை இது. அந்தச் சிறிய குழு நம் சிலாங்கூர் மண்ணைச் சேர்ந்தது.

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குப் பழைய சாலையில் போனவர்களுக்குப் பத்து தீகா பந்தயத் தடம் நினைவிருக்கும். உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் 1991 முதல் 1997 வரை அங்கேதான் நடந்தது. ஓராண்டு ஜொகூருக்குப் போய், 1999-ல் செப்பாங்குக்கு வந்தது. பத்து தீகா தடம் இருந்த இடத்தில் இப்போது வீடுகள். இத்தனை ஆண்டுகளும் தடம் நம்முடையது, தலையாய பிரிவில் ஓடிய குழுக்களெல்லாம் அயலாருடையவை. 2019-ல்தான் ‘மோட்டோ ஜிபி’ என்னும் அந்தப் பிரிவில் நமக்கென்று ஒரு குழு இறங்கியது. பெயர், பெட்ரோனாஸ் யமஹா செப்பாங் ரேசிங் டீம். தலைவர் ரஸ்லான் ரசாலி.

அவர்கள் தேர்ந்தெடுத்த இருவரில் ஒருவன் ஃபாபியோ குவார்த்தராரோ. பிரான்சின் நீஸ் நகரத்துப் பையன், 1999-ல் பிறந்தவன். (அவன் இவன் என்று எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள், வகுப்பறையில் பழகிய வாய்.)

இந்தப் பையன் ஸ்பெயின் நாட்டு இளையோர் போட்டியில் 2013, 2014 இரண்டு ஆண்டும் முதலிடம் பெற்றவன். உலகப் போட்டியில் ஓட 16 வயது ஆகவேண்டும் என்பது அப்போதைய விதி. அந்த இளையோர் போட்டியில் வென்றவருக்கு அதில் விலக்கு உண்டு என்று திருத்தினார்கள். அதனால் 2015-ல், 15 வயதிலேயே, மோட்டோ3 பிரிவில் இறங்கிவிட்டான். அடுத்த மார்க்கெஸ் இவன்தான் என்று ஊரெல்லாம் பேச்சு.

அந்தப் பேச்சுதான் வினையாயிற்று. 2015-ல் இரண்டே தடவை மேடையேறினான். 2016-ல் அதுவுமில்லை. 2017-ல் மோட்டோ2-க்கு மாறினான். அங்கும் பெரிதாக எதுவுமில்லை. 2018-ல் ஒரே வெற்றி, ஆண்டு முடிவில் பத்தாம் இடம். ஆறாம் ஆண்டுத் தேர்வில் பரிசெல்லாம் வாங்கிவிட்டு, மூன்றாம் படிவத்தில் “அவனா? அவ்வளவுதான்” என்று பேர் வாங்குகிற பிள்ளைகளை நமக்குத் தெரியாதா?

அப்படிப்பட்டவனைத்தான் செப்பாங் குழு சேர்த்துக்கொண்டது. “நம் பெட்ரோனாஸ் பணத்தில் பிரெஞ்சுக்காரனுக்கு என்ன வேலை?” என்று காப்பிக் கடையில் கேட்டவர்கள் உண்டு. கேட்டதில் தவறில்லை. அம்பாங்கில் பிறந்த நம் ஹஃபிஸ் ஷாரின் 2018-ல்தான் மோட்டோ ஜிபியில் ஓடிய முதல் மலேசியரானார். ஆனால் அவர் ஓடிய டெக்3 குழு அடுத்த ஆண்டே யமஹாவை விட்டு கேடிஎம் மோட்டாருக்குப் போய்விட, அவரும் அதோடு போனார். புது மோட்டார் அவருக்கு ஒத்துவரவில்லை. 2019 முடிவில் இடம் பறிபோயிற்று. டெக்3 விட்டுச்சென்ற யமஹாவைப் பெற்றதோ செப்பாங் குழு! என் மனத்தில் இன்றும் உறுத்துவது இதுதான். ஆனாலும் அதற்குப் பிரெஞ்சுப் பையன் மேல் கோபித்து என்ன பயன்?

2019 மே மாதம் ஸ்பெயினின் ஹெரெஸ் தடத்தில், 20 வயது நிரம்பிச் சில நாட்களே ஆன அந்தப் பையன், தகுதிச் சுற்றில் எல்லோரையும் முந்தினான். தலையாய பிரிவில் அத்தனை இளம் வயதில் முதலிடத்திலிருந்து புறப்பட்டவர் அதுவரை யாருமில்லை. மறுநாள் ஓட்டத்தில் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தபோது கியர் சிக்கிக்கொண்டது. விலகிவந்து அழுதான். அழுத பிள்ளையை யாரும் விரட்டவில்லை. அந்த ஆண்டில் ஆறு தடவை முதலிடத்திலிருந்து புறப்பட்டான், ஏழு தடவை மேடையேறினான், ஐந்தாம் இடத்தில் முடித்தான்.

சிறிய குழு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மோட்டார் அவர்களுடையதல்ல, கம்பெனியிடம் வாடகைக்கு எடுப்பது. புதிதாகச் செய்த பாகங்கள் முதலில் கம்பெனியின் சொந்தக் குழுவுக்கு, பிறகுதான் மற்றவர்களுக்கு. துரைக்குப் புதுக் கார், கிராணிக்குப் பழைய கார் என்ற கதைதான். 2020-ல் யமஹா இயந்திரத்தின் வால்வு, ஒப்புதல் பெற்ற மாதிரிப்படி இல்லையென்று தண்டனை வந்தபோது, செப்பாங் குழுவின் புள்ளிகளையும் சேர்த்தே குறைத்தார்கள். செய்தது கம்பெனி, அடி வாடகைக்காரனுக்கும்!

2020 ஜனவரி 29-ஆம் தேதி யமஹா அறிவித்தது: 2021 முதல் வாலெந்தினோ ரோஸ்ஸியின் இடத்தில் எங்கள் சொந்தக் குழுவில் குவார்த்தராரோ ஓடுவார் என்று. அன்றைக்கு அவன் மோட்டோ ஜிபியில் ஒரு வெற்றிகூடப் பெற்றதில்லை. போகப்போகிற பிள்ளை என்று தெரிந்தே செப்பாங் குழு அவனை இன்னொரு முழு ஆண்டு ஓட்டியது. மூன்று வெற்றி பெற்றுக்கொடுத்தான். ஆனால் முதலில் முன்னணியில் நின்றவன் ஆண்டு முடிவில் எட்டாம் இடத்துக்குச் சரிந்தான். பழைய மோட்டாரில் ஓடிய கூட்டாளி மொர்பிடெல்லி இரண்டாம் இடம் பெற்றார்!

பெரிய குழுவுக்குப் போனவன் தனியாகப் போகவில்லை. செப்பாங்கில் அவனுக்கு மோட்டாரைச் சரிசெய்து கொடுத்த தலைமைப் பொறியாளர் தியேகோ குபெல்லினியும் உடன் போனார். 2021 அக்டோபர் 24 அன்று உலகச் சாம்பியன் ஆனான். தலையாய பிரிவில் பிரான்சுக்கு அதுவே முதல் பட்டம். அவனுக்குப் பதிலாக 42 வயது ரோஸ்ஸி செப்பாங் குழுவுக்கு வந்து, அந்த ஆண்டோடு ஓய்வுபெற்றார். பெட்ரோனாஸும் பணத்தை நிறுத்திக்கொண்டது. குழு வேறு பெயரில் இரண்டாண்டு தடுமாறி, 2023 முடிவில் இடத்தை இழந்தது.

பெரிய குழு என்பது நிரந்தர சுகமுமல்ல. கம்பெனி பின்தங்கினால் ஓட்டுபவனும் பின்தங்க வேண்டியதுதான். 2023, 2024 இரண்டு முழு ஆண்டுகளில் அவனுக்கு ஒரு வெற்றியும் கிட்டவில்லை.

செப்பாங் குழுவுக்காக அவன் பெற்ற மூன்று வெற்றிகளும் ஸ்பெயினில். கொள்ளைநோயால் 2020-லும் 2021-லும் செப்பாங்கில் பந்தயமே நடக்கவில்லை. 2022 அக்டோபரில், சாம்பியனாக, கம்பெனியின் நீல உடையில் அவன் திரும்பி வந்தபோது, பச்சை நீலம் உடுத்திய பெட்ரோனாஸ் குழு அங்கே இல்லை. சனிக்கிழமைப் பயிற்சியில் விழுந்து இடக்கை விரலை முறித்துக்கொண்டான். ஞாயிறன்று அந்தக் கையோடு பன்னிரண்டாவதாகப் புறப்பட்டு, மூன்றாவதாக வந்து சேர்ந்தான்.