தோற்றவன் தகுதியற்றவன் ஆவானா?

ஒருமுறை தோற்றவனை 'உதவாதவன்' என ஒதுக்கிவிடுதல் எளிது. அவன் தோற்றது திறமைக் குறைவாலோ, பொருந்தாத பணியில் நின்றமையாலோ என ஆராய்தல் அரிது. மாணவரை மதிப்பிடும் ஆசிரியர்க்கும், இளைஞரைப் பணிக்குத் தெரிந்தெடுக்கும் பழைய மாணவர்க்கும் இவ்வாராய்ச்சி இன்றியமையாதது என்பது எமது துணிபு. அதற்குச் சான்றாகக் கடல்கடந்த விளையாட்டு வீரர் ஒருவரின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்காட்ட விரும்புகின்றோம்.

அமெரிக்கர் போற்றும் பேஸ்போல் ஆட்டம், நாமறிந்த கிறிக்கெற்றுக்கு ஒருவகையில் உறவானது. அது 9 இன்னிங்ஸ் கொண்டது. முதலிற் பந்தெறியத் தொடங்குபவர் பல இன்னிங்ஸ் நின்று எறிதல் வேண்டும். அதே துடுப்பாளர் இரண்டாம், மூன்றாம் முறை வரும்போதும் அவரை வெல்லுதல் வேண்டும். அவருக்குப் பின் வருபவர் மாற்றெறிவாளர். மாற்றெறிவாளருள்ளும், சிறிய முன்னிலையைக் காத்து இறுதி இன்னிங்ஸை முடித்துக் கொடுப்பவரின் பொறுப்புப் பெரிது. அவர் எறியும் பந்துகள் சிலவே. அவற்றுள் ஒன்று பிழைப்பினும் தோழர் அனைவரின் உழைப்பும் பாழாகலாம்.

அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் 1989இற் பிறந்த லியம் ஹென்றிக்ஸ், 2011இல் மினசோற்றா அணியின் தொடக்க எறிவாளராகப் பெருங்களம் புகுந்தார். மூன்று ஆண்டுகளில் 2 வெற்றிகளும் 13 தோல்விகளுமே அவர் கணக்கிற் சேர்ந்தன. அணிகள் பல அவரைக் கைமாற்றின. 2015இல் ரொறன்ரோ அணியில் மாற்றெறிவாளரானபோது நிலை திருந்தியது. ஆயினும் 2018 யூன் மாதத்தில் ஓக்லண்ட் அணி அவரைத் தன் பட்டியலினின்று நீக்கியது. ஏனைய 29 அணிகளுள் ஒன்றேனும் அவரை ஏற்க முன்வரவில்லை.

கீழ்நிலை அணிக்குச் சென்று எறிந்தவரை, நீக்கிய ஓக்லண்ட் அணியே செப்ரெம்பரில் மீள அழைத்தது. 2019இல் அவ்வணிக்காக 25 ஆட்டங்களைக் காத்து முடித்தார். 2020இலும், சிக்காகோ அணிக்குச் சென்று 38 ஆட்டங்களைக் காத்த 2021இலும், அமெரிக்கன் லீக்கின் சிறந்த மாற்றெறிவாளர் விருது அவருக்கே கிடைத்தது. 2023 சனவரியில் நிணநீர்ப் புற்றுநோய் தம்மைப் பற்றியதை அறிவித்தவர், சிகிச்சை பெற்று, மே 29ஆந் திகதி மீண்டும் களத்தில் நின்றார்.

விடாமுயற்சியே இதற்குக் காரணம் என்பர் சிலர். அஃது உண்மையே, எனினும் முழுவுண்மையன்று. அதே முயற்சியுடன் தொடக்க எறிவாளராகவே நின்றிருப்பின், இவ்வுயர்வு அரிதாகியிருக்கும். பல இன்னிங்ஸுக்குப் பங்கிடவேண்டிய வலிமையை ஓர் இன்னிங்ஸிற் செலவிடும் வாய்ப்பே அவரை உயர்த்தியது. அவரை நீக்கிய அணிகள் நெறிதவறின எனவும் கூறோம். கணக்கு அவருக்கு மாறாகவே இருந்தது. ஆனால் ஓரிடத்துத் தோல்வியை ஆளின் தோல்வியாகக் கொள்ளாது, மீளவும் நோக்கிய அணியே பயன்பெற்றது.

'தெரிந்துவினையாடல்' என ஓரதிகாரம் வகுத்த வள்ளுவரை நாம் சிறுவயது முதலே கற்கின்றோம். அங்ஙனமிருந்தும், கணிதத்தில் தவறிய மாணவனைக் கடைசி வாங்கிற்கு அனுப்பி மறந்துவிடுதல் தகுமா? அவனது கைத்திறனையோ, நாவன்மையையோ, பிறரை ஒன்றுசேர்க்கும் ஆற்றலையோ சோதித்தவர் எவர்? பரீட்சை வேண்டும், அதன் முடிவே ஒருவனது முடிவாதல் வேண்டா.

கல்லூரி விழாக்கொண்டாடும் இவ்வேளையிற் பரிசுப் பட்டியலில் இடம்பெற்றோரை மனமார வாழ்த்துவோம். அதில் இடம்பெறாதோரின் பெயர்களையும் மற்றொருமுறை எடுத்து நோக்குவோமாக.