பழைய ஸ்போர்ட்ஸ் கார்: முதலீடா, செலவா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் மேல ஆசையா? தாராளமா வாங்குங்க. ஆனா "விலை ஏறும், முதலீடு"ன்னு மனசைத் தேத்திக்காதீங்க.

1960-களில் மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பங்காளி. ஸ்பிட்ஃபயர் உருவானதே ஹெரால்டு சேஸிஸை வச்சுத்தான். பானெட் முழுசா முன்பக்கம் சாயும். பக்கத்துல நின்னே இன்ஜின் வேலை பார்க்கலாம். ஞாயிறு காலையில காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்கு அதுல போற சுகம், இஎம்ஐ-ல வாங்கின எஸ்யூவியில வராது.

கணக்கு இதுதான்: சொந்த உபயோகத்துக்கான காரை லாபத்துக்கு வித்தா மூலதன ஆதாய வரி கிடையாது, நஷ்டத்தைக் கழிக்கவும் முடியாது. 15 வருஷம் தாண்டிட்டா, 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்கணும்.

அதனால லோன் வேண்டாம். எமர்ஜென்சி ஃபண்டும் எஸ்ஐபியும் போக மிஞ்சுற போனஸ்ல வாங்குங்க. ரிப்பேருக்கு மாசாமாசம் தனியா ஒதுக்குங்க. அப்புறம் நிம்மதியா ஓட்டுங்க.