விமானமா? பூட்டிய கூண்டா?

நடுவழியில் பஸ் நின்றால் இறங்கி நிற்கலாம். ஆனால் புறப்படாமல் மணிக்கணக்கில் நிற்கும் விமானத்தில் கதவை மூடிவிட்டால் பயணி கைதிதான்!

2024 மே 30 அன்று டெல்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோ செல்லவிருந்த ஏர் இந்தியா விமானத்தில் ஏ.சி. இல்லாமல் பயணிகளை உட்கார வைத்தார்கள். சிலர் மயங்கி விழுந்தனர். விளக்கம் கேட்டு அரசு நோட்டீஸ் அனுப்பியது.

அதே ஆண்டு ஜனவரியில், டெல்லிப் பனிமூட்டத்தால் மும்பைக்குத் திருப்பப்பட்ட இண்டிகோ விமானத்தின் பயணிகள் வெளியே வந்து, தரையில் அமர்ந்து சாப்பிட்டனர். பாதுகாப்புக் குறைபாடு என்று அந்நிறுவனத்துக்கு 1.20 கோடி ரூபாய் அபராதம்! வெளியே உட்கார்ந்தால் ஆபத்து, உள்ளே வெந்தால்?

அதன்பின் 2024 மார்ச் இறுதியில், நீண்ட தாமதமானால் பயணிகளை இறக்கி நிலையத்துக்குள் அனுப்பலாம் என்று விமானப் பாதுகாப்புத் துறை அறிவித்தது. நல்லதுதான். ஆனால் முடிவெடுப்பது விமான நிறுவனமும் பாதுகாப்பு அமைப்புகளுமாம்! 'இறக்கலாம்' என்பது சலுகை. 'இறக்கியே ஆக வேண்டும்' என்பதுதான் உரிமை.

அமெரிக்காவின் அநியாயங்களை ஆயிரம் சொல்லலாம். அந்த நாடே 2010 முதல், உள்நாட்டு விமானத்தில் 3 மணி நேரத்துக்கு மேல் பயணிகளை அடைத்து வைக்கத் தடை விதித்துள்ளது. பாதுகாப்பு, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு சார்ந்த காரணங்களுக்கு மட்டுமே விலக்கு. 2 மணி நேரத்துக்குள் தண்ணீரும் உணவும் தந்தாக வேண்டும்.

நயினார்கோவில், பரமக்குடி, கீழக்கரையிலிருந்து வளைகுடாவுக்குப் பிழைக்கச் செல்லும் இளைஞரும், உம்ரா செல்லும் முதியோரும் ஆங்கிலத்தில் அதட்டத் தெரியாதவர்கள். அவர்களுக்காகச் சட்டம்தான் பேச வேண்டும். நம் தொகுதி எம்.பி. நாடாளுமன்றத்தில் கேட்கட்டும். வியாபாரிகளே, இளைஞர்களே! ஊர் ஊராகக் கையெழுத்துத் திரட்டி மனு அனுப்புங்கள். அநியாயத்துக்கு வாய்மூடி இருப்பது பொறுமை ஆகாது.