வீச்சுக்கு முன்னால்

இலக்கிய வாசகர்களிடம் கோல்ஃப் பற்றிப் பேச முற்படுவது சற்றே விபரீதமான முயற்சிதான். நம்மில் பெரும்பாலோருக்கு அது செல்வந்தர்களின் பொழுதுபோக்கு. எனினும், அந்த ஆட்டத்தைக் கற்பிப்போர் முதலில் வற்புறுத்தும் பாடம் ஒன்று உண்டு. முத்துக்குளித்துறையின் பழைய தொழிலையும், இன்று அக்கடலில் நிகழும் துயரத்தையும் விளங்கிக்கொள்ள அப்பாடம் உதவும் என்று தோன்றுகிறது.

கோல்ஃபில் பந்து அசையாமல் கிடக்கிறது. ஆடுபவர் வேண்டிய மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஓங்கிய மட்டை கீழிறங்கிப் பந்தைத் தொடுவதற்கு ஏறத்தாழ கால் நொடிதான் ஆகிறது. பந்தோடு அது ஒட்டியிருப்பதோ ஒரு நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் பிழையை உணர்ந்து திருத்திக்கொள்வது மனிதரால் ஆகாத காரியம். ஆகவே, பந்து எங்கே போய் விழும் என்பது பெருமளவுக்கு வீச்சு தொடங்குமுன்னரே முடிவாகிவிடுகிறது.

அந்த முன்நிலையில் என்னென்ன அடங்கும்? மட்டையை இறுக்காமலும் நழுவவிடாமலும் பிடிக்கும் பிடி. இடுப்பிலிருந்து வளைந்து, முதுகு கூனாமல் நிற்கும் நிலை. நீண்ட மட்டைக்கு இடக் குதிகாலின் நேரிலும், குட்டை மட்டைக்கு இரு பாதங்களின் நடுவிலுமாகப் பந்து இருக்கவேண்டிய இடம். இவை வலக்கை ஆட்டக்காரருக்கான கணக்கு. எல்லாவற்றிலும் தவறிப்போவது திசைதான். பாதமும் இடுப்பும் தோளும் இலக்கை நோக்கக் கூடாது. பந்து செல்லவேண்டிய கோட்டுக்கு இணையாக அமையவேண்டும். பாதங்களின் நுனியை ஒட்டித் தரையில் ஒரு மட்டையைக் கிடத்திப் பார்த்தால் பிழை உடனே தெரிந்துவிடும். ஜாக் நிக்லஸ் தொலைவிலுள்ள இலக்கை மட்டும் நம்புவதில்லை. பந்துக்குச் சற்று முன்னால் புல்லில் ஓர் அடையாளத்தைத் தெரிந்துகொண்டு அதற்கேற்பத் தம்மை நிறுத்திக்கொள்வார். நிலை கோணினால் வீச்சும் அந்தக் கோணலை ஈடுகட்ட முயன்று கெடும். கற்பவரோ வீச்சைப் பழிக்கிறார்.

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தோர் இந்த விதியை நன்கறிந்திருந்தனர். முத்துக்குளிப்பு என்றதும் நாம் வியப்பது மூச்சடக்கும் வீரத்தை. ஆனால் நீருக்கடியில் இருந்த நேரம் ஏறத்தாழ ஒரு நிமிடந்தான். அந்த ஒரு நிமிடத்துக்காகச் செய்யப்பட்ட ஆயத்தங்கள் எத்தனை! முதலில் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, முத்துகளை மதிப்பிட்ட பிறகே அரசு முத்துக்குளிப்பை அறிவித்தது. கடல் அமைதியாக இருக்கும் பங்குனி, சித்திரையை ஒட்டிய நாட்களைத் தெரிந்தெடுத்தனர். குளியாளியை விரைந்து அடிமட்டத்துக்குக் கொண்டுசெல்ல, கயிற்றில் கட்டிய கனத்த கல் இருந்தது. நீந்தி இறங்குவதில் மூச்சை வீணாக்காமலிருக்கவே அந்த ஏற்பாடு. சுறாக்களின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடல்கட்டிகளும் இருந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, மந்திரம் ஓதுவோருக்கு இருபதில் ஒரு பங்கு கூலியாகத் தரப்பட்டதைக் குறிப்பிடுகிறார். மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, குதிப்பவரின் அச்சத்தைக் கட்டியிருக்கும். பதற்றம் மூச்சைத் தின்றுவிடும் என்பதால் அதுவும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே.

எல்லாவற்றுக்கும் மேலாகப் படகில் கயிற்றைப் பிடித்து நின்றவர். கீழிருந்து வரும் அசைவை உணர்ந்த கணத்தில் அவர் இழுக்கவேண்டும். குளியாளியின் உயிர் அவர் கையில் இருந்தது. முத்தின் புகழ் பாடிய நம் இலக்கிய மரபு இவருக்குத் தந்த இடம் மிகச் சிறிது.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. சங்குகுளிப்பு நிற்கவில்லை. வங்கத்துப் பெண்களின் சங்கு வளையலுக்கு நெடுங்காலமாக இக்கடலின் சங்கு போய்க்கொண்டிருக்கிறது. திரேஸ்புரத்திலிருந்து கடலுக்குப் போகும் குளியாளிகளிடம் இப்போது கல் இல்லை; கம்ப்ரசர் தள்ளும் காற்றைக் குழாய்வழியே சுவாசித்துக்கொண்டு நெடுநேரம் அடியில் தங்குகிறார்கள். மூச்சு என்ற எல்லை விலகியது. அதோடு, அந்த எல்லை தந்த பாதுகாப்பும் விலகிற்று.

10 மீட்டர் ஆழத்தில் உடல் மீதான அழுத்தம் இரு மடங்கு. 20 மீட்டரில் மூன்று மடங்கு. அங்கே சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால் அது குமிழிகளாகப் பொங்கும். மூட்டுகளில் வலி, கைகால் முடக்கம், சிலவேளை மரணம். இங்கும், மேலே வரும் கணத்தில் சுதாரித்துக்கொள்ளலாம் என்று எண்ண இடமில்லை. எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம் என்பதை இறங்குமுன் கணக்கிட்டிருக்கவேண்டும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறவேண்டும். என்ஜின் புகையை உறிஞ்சாத இடத்தில் கம்ப்ரசரின் காற்றுவாய் இருக்கிறதா, குழாயில் கசிவு உண்டா என்று பார்த்தாகவேண்டும். படகில் இருப்பவர் நேரம் பார்க்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும்.

இவற்றில் முறையான பயிற்சியின்றியே பலர் கடலில் இறங்குகின்றனர். விபத்து நேர்ந்தால் அதைத் துணிச்சலின் விலை என்கிறோம். இந்தப் புகழ்ச்சியே என்னை உறுத்துகிறது. துணிச்சலைப் போற்றுவதற்குச் செலவில்லை. ஆயத்தத்தைக் கற்றுத்தரச் செலவு உண்டு. கோல்ஃப் மைதானத்தில் பணம் கொடுத்து ஆசிரியரை அமர்த்தி, நிற்கும் நிலையை மட்டுமே வாரக்கணக்கில் பழகுகிறார்கள். அங்கே பிழைத்தால் தொலைவது ஒரு பந்து.

கிறிஸ்துவுக்குப் பிந்தைய முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட செங்கடல் செலவு நூல், கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளே முத்துக்குளித்தனர் என்கிறது. அவர்களுடைய உயிருக்கு விலை இல்லாதிருந்தது. இன்று சங்குகுளிப்பவர் எவரும் தண்டனை பெற்றவரல்லர். ஆழமும் நேரமும் காட்டும் கருவி ஒன்று, சில வாரப் பயிற்சி, படகில் நிற்பவருக்கும் அதே பயிற்சி: இவற்றை அரசும் சங்கு வணிகரும் சேர்ந்து தருவது பெரிய காரியமன்று. அதைச் செய்யாதவரை, சங்கின் வெண்மையைப் பற்றி நாம் எழுதும் வரிகளில் கொஞ்சம் கூச்சம் இருப்பது நல்லது.